ஒரு முகம் மட்டும் உள்ள எஞ்சின்: இத்தாலியின் ஈ.464

அடுத்த கேள்வி, இத்தாலிக்குப் போய்வந்த நேயர் ஒருவருடையது. "புளோரன்ஸ் நிலையத்தில் உள்ளூர் ரயிலின் எஞ்சினைப் பார்த்தேன். ஒரு பக்கம் அழகான முகம். மறுபக்கம் சுவர் போலத் தட்டை. செலவைக் குறைக்க அரைகுறையாகக் கட்டிவிட்டார்களா? தட்டைப் பக்கமாக ஓட வேண்டி வந்தால் என்ன செய்வார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

செலவைக் குறைத்தார்கள் என்பது உண்மை. அரைகுறை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீங்கள் பார்த்தது ஈ.464. இத்தாலியின் எண் முறையில் முதல் இலக்கம், மோட்டாரால் சுழலும் அச்சுகளின் எண்ணிக்கை. ஆகவே இது நான்கு அச்சு எஞ்சின். எடை 72 டன், வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர். சவோனாவுக்கு அருகே வாதோ லிகுரே ஆலையில் கட்டினார்கள். 1999இல் ஓடத் தொடங்கியது. 2015 வரை மொத்தம் 728 எஞ்சின்கள் வெளிவந்தன. இத்தாலியில் வேறெந்த மின்சார எஞ்சினையும் இவ்வளவு கட்டியதில்லை.

நீங்கள் நின்ற நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லாவில் தண்டவாளம் நடைமேடையோடு முடிந்துவிடுகிறது. வந்த ரயில் வந்த வழியே திரும்ப வேண்டும். எஞ்சினோ தண்டவாளத்தின் முட்டுக்கட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. அதைக் கழற்றி மறுமுனையில் பூட்டுவதற்கு ஆளும் நேரமும் தேவை. காலையில் வேலைக்குப் போகும் கூட்டத்தை ஏற்றி இறக்கும் ரயிலுக்கு அது கட்டுப்படியாகாது.

அதனால் கடைசிப் பெட்டியிலேயே ஓர் ஓட்டுநர் அறை வைத்தார்கள். இத்தாலியில் அதற்கு 'செமிபிலோத்தா' என்று பெயர். ஓட்டுநர் எஞ்சினில் உள்ள தன் அறையைச் சாத்திப் பூட்டிவிட்டு, நடைமேடையில் ரயிலின் நீளம் முழுக்க நடந்து அந்த அறையில் ஏறிக்கொள்கிறார். பெட்டிகளின் ஊடாக ஓடும் 78 கம்பிகள் கொண்ட கட்டுப்பாட்டுக் கேபிள் அவருடைய கட்டளையை எஞ்சினுக்குக் கொண்டுபோகிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. பழைய ஈ.424, ஈ.646 எஞ்சின்களில் சிலவற்றை மாற்றியமைத்து முன்பே இப்படி ஓட்டினார்கள். ஆனால் அவற்றுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. பெட்டிகளை ஒட்டி நின்ற அறை சும்மாவே கிடந்தது. ஈ.464ஐ வரைந்தவர்கள் அந்த அறையை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் சாமான் அறையும், பெட்டிக்குள் போகும் நடைவழியும் வந்தன. நீங்கள் சுவர் என்று நினைத்தது அந்த நடைவழியின் வாசல். இது பெட்டிகளோடு சேர்ந்தே ஓடுவதற்கென்று பிறந்த எஞ்சின். அதை அப்படியே ஏற்று வடிவமைத்த துணிச்சலை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் மோட்டாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உள்ளூர் ரயில் சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று புறப்படும். பழைய எஞ்சின்களில், புறப்படும்போது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் பெரிய மின்தடைகள் வழியாக விட்டு அடக்குவார்கள். அப்போது கணிசமான மின்சாரம் வெறும் சூடாகப் போய்விடும், அதுவும் ஒவ்வொரு நிலையத்திலும். ஈ.464இல் அந்த வேலையை இன்வெர்ட்டர் செய்கிறது. மேலே கம்பியில் வருவது 3,000 வோல்ட் நேர்மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்குவது போல, இது அதை மும்முனை மின்சாரமாக்கி மோட்டாருக்குத் தருகிறது. வேகம் கூடக்கூட அதிர்வெண்ணையும் கூட்டிக்கொண்டே போகும். மோட்டாரில் தேய்ந்துபோகும் கார்பன் பிரஷ்ஷும் கிடையாது.

இதில் என்னை நெகிழவைப்பது ஒன்று உண்டு. 1902இல் வடக்கே வால்தெல்லினா பாதையில், கால்மான் காண்டோ என்ற ஹங்கேரியப் பொறியாளர் மும்முனை மின்சாரத்திலேயே ரயிலை ஓட்டிக் காட்டினார். மேலே இரண்டு கம்பிகள், மூன்றாவது முனைக்குத் தண்டவாளம். மோட்டார் உறுதியானது. ஆனால் அதிர்வெண்ணை மாற்ற வழியில்லாததால் குறிப்பிட்ட சில வேகங்களில் மட்டுமே ஓட முடிந்தது. இத்தாலி அந்த முறையை 1976இல் முற்றிலும் கைவிட்டது. கால் நூற்றாண்டு கூட ஆகவில்லை, அதே வகை மோட்டார் ஈ.464இன் சக்கரங்களுக்கிடையே திரும்ப வந்து அமர்ந்தது. காண்டோவின் கையில் இல்லாதது இன்வெர்ட்டர் ஒன்றுதான்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. தட்டைப் பக்கத்திலும் ஒரு சிறிய கட்டுப்பாட்டு மேசை இருக்கிறது. அதை வைத்து யார்டுக்குள் மெதுவாக நகர்த்தலாம். அந்தப் பக்கமாகப் பயணிகள் ரயிலை இழுத்துக்கொண்டு வேகமாகப் போக முடியாது. பெட்டிகளோடு இருக்கும்வரை அதற்குத் தேவையும் இல்லை, ஏனென்றால் மறுமுனையின் முகம் கடைசிப் பெட்டியில் இருக்கிறது. 2019 முதல் வரும் 'ராக்', 'பாப்' ரயில்களில் தனி எஞ்சினே கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.