முன்னேர் போன வழியே

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அம்மா அவர்களே, ஏ9 வீதியில் மாடுகளுக்கு வழிவிட்டு ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் வந்து சேர்ந்த பிரதம விருந்தினர் அவர்களே, குருக்கள் ஐயா, பங்குத்தந்தை அவர்களே, இன்று மே 12, உங்களுடைய நாள் என்று மாலை போட்டிருக்கும் தாதியரே, பின்வரிசையில் நிற்கும் சிற்றூழியத் தம்பி தங்கைகளே! யாரையாவது விட்டிருந்தால் பொறுக்கவேண்டும். போன வருடம் ஒருவரை விட்டேன், இன்னும் அவர் என்னோடு கதைப்பதில்லை.

அதட்டும் தலைமை, கேட்கும் தலைமை, கண்டும் காணாத தலைமை என மூன்றைப் பற்றியும் பேசப்போகிறேன். 1939இல் உளவியலாளர் கேர்ட் லெவினும் கூட்டாளிகளும் சிறுவர் குழுக்களில் பார்த்து எழுதிய பிரிவுகள் இவை. எங்கள் வயல்காரருக்கு ஒரே வரி போதும்: முன்னேர் போன வழியே பின்னேர்.

என் அம்மா சீனி வருத்தத்தோடு ஒரு வைத்தியசாலையில் கிடந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம். பக்கத்துக் கட்டிலில் அதே பெயரில் இன்னொரு ஆச்சி. இரவு தாதிப் பிள்ளை இன்சுலின் ஊசியோடு அம்மாவின் கையைப் பிடித்துவிட்டாள். அது மற்ற ஆச்சிக்கு உரியது. நான் "பிள்ளை!" என்றதும் நடுங்கிப்போனாள். "ஐயா, பெரியவருக்குச் சொல்லிப் போடாதேங்கோ" என்று கும்பிட்டாள். அதற்கு முந்தின கிழமைதான் அந்தப் பெரியவர், பொறுப்பாயிருந்த டொக்டர், நோயாளர் பார்க்க ஒரு தாதியின் மேல் கோப்பு ஒன்றை எறிந்திருந்தார். நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் குளிசை ஆள் மாறிப் போனது.

பிறகு ஒரு டொக்டர் அம்மா பொறுப்புக்கு வந்தார். வந்த அன்றே எல்லோரையும் இருத்தி, "இங்கே எது பிழையாகப் போகும்?" என்று கேட்டாராம். முதலில் வாய் திறந்தது கூட்டுகிற தம்பி: "ஒரே பெயர்க்காரரைப் பக்கத்தில் போடாதேங்கோ." அன்று மாலையே கட்டில் மாறியது.

1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க வைத்தியசாலைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையுள்ள வாட்டுகளில்தான் கூடுதலான பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சரி, அந்த டொக்டர் அம்மா ஏன் விட்டுப் போனார்? அவர் தங்கிய குவாட்டர்ஸ் கூரை ஒழுகியது. இப்போது வரும் டொக்டர்மார் பின்னேர பஸ்ஸுக்கே கிளம்பிவிடுகிறார்கள். முன்னேர் பஸ் ஏறிப் போனால் பின்னேர் எந்த வழியே போகும்? அதட்டுவதற்குக்கூட இரவில் ஆளில்லையே! நான்கு வருடமாக நான் கேட்பது இந்தக் கூரையைத்தான்.

தலைவர் மணி அடிக்கிறார், மிச்சத்தை அடுத்த வருடம் பார்ப்போம். மகஜர் வாசல் மேசையில் இருக்கிறது. பேனையை நூலில் கட்டி வைத்திருக்கிறேன்.