கூட்டுக் குடும்பத்தில் சண்டையே வராதா?

ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "தோட்டத்தில் பெரிய குடும்பமாக வளர்ந்ததை இவ்வளவு ஆசையாகச் சொல்கிறீர்களே அண்ணா, அங்கே சண்டையே வராதா?"

வராமல் எப்படி அம்மிணி? தினமும் வரும். மோர் யாருக்குக் கெட்டியாக ஊற்றினார்கள் என்பதிலேயே ஆரம்பித்துவிடும். ஆனால் ராத்திரி முறைத்துக்கொண்ட பெரியப்பாவும் சித்தப்பாவும் கோழி கூப்பிடும் நேரத்தில் கவலையடியில் ஒன்றாக நின்றாக வேண்டும். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. எங்கள் காங்கேயம் பக்கம் மழை குறைவு. கிணறு இறைத்தால்தான் வெள்ளாமை. மாடு வாரி என்கிற சரிவில் இறங்கினால், தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும், மாடு பின்னாலேயே நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். கவலை ஓட்டுகிறவர் சாலை இழுக்கும் வடக்கயிற்றில் உட்கார்ந்து தன் பாரத்தையும் கொடுப்பார். அவர் ஒருவர், மடை திருப்ப ஒருவர், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்க ஒருவர். பரண் மேல் ஏறிக் கவண் சுற்றிக் குருவி விரட்ட எங்களைப் போலப் பொடிசுகள். ஆள் குறைந்தால் பயிர் காயும். பாசத்தைவிட இந்தக் கவலைதான் குடும்பத்தைச் சேர்த்து வைத்தது என்று முன்பும் சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

மோட்டார் வந்தது. பைக்காரா மின்சாரம் 1930களிலேயே கோவைக்கு வந்துவிட்டது, எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர ரொம்ப நாளானது. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் என்றான பிறகு, முறைத்துக்கொண்டவர்கள் ஒன்றாக நிற்க என்ன அவசியம்? பாகம் பிரித்தார்கள். நிலத்தைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியுமா? பத்திரத்தில் "கிணற்றில் கால் பாகம்" என்று எழுதி, நாலு பேருக்கும் நாள் முறை வைத்தார்கள். தன் முறையில் கரண்ட் போய்விட்டால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சித்தப்பா மோட்டாரைத் திட்டுவார். இப்படியே ஊரெல்லாம் பிரிந்து பிரிந்து, 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நிலவுடைமை 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை.

தனிக்குடித்தனம் கேட்டது மருமகள்கள்தான் என்று ஊரில் இன்றும் குறை சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். விடியுமுன் உரலில் கம்பு குத்தி, அத்தனை பேருக்கும் ஆக்கிப் போட்டு, கடைசியாகச் சாப்பிட்டவர்கள் அவர்கள். சண்டை வந்ததா என்று கேட்டீர்கள், சரி. அந்த வீட்டில் பிறந்த அத்தைகளுக்கு என்ன கிடைத்தது என்று ஏன் யாருமே கேட்பதில்லை? பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அதில் இடமில்லை. கல்யாணமான மகள்களுக்கும் பங்கு என்று 2005-ல் மத்திய சட்டத்தைத் திருத்தியபோது, எங்கள் வீட்டில் பாகம் பிரித்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் பல வீடுகளில் சீர் செய்தாயிற்று என்று சொல்லி, பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அது பெரிய பேச்சு, யாராவது கேளுங்கள், தனியாகவே சொல்கிறேன். அடுத்த கேள்வி?