ஆங்கில ஆசிரியரும் கடவுச்சீட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் கொரியாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோருக்கு வழங்கப்படும் விசாவின் பெயர் இ-2. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாக அது கிடைக்கும். பட்டம் வேண்டும், ஆனால் அது எந்தப் பாடத்தில் பெற்ற பட்டமாகவும் இருக்கலாம். கணக்கியல் படித்துவிட்டு ஒரு வகுப்பறையிலும் நின்றிராத இருபத்திரண்டு வயது கனடாக்காரருக்கு அந்த வாசல் திறக்கும். ஆங்கில இலக்கியத்தில் முதுகலையும் பி.எட்.டும் முடித்து, மேல்நிலைப் பள்ளியில் நீண்டகாலம் பாடம் நடத்திய திருச்சி ஆசிரியைக்குத் திறக்காது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய பொருளாதார ஒப்பந்தம் நம்மவர்களுக்கு ஒரு சிறு வழியை விட்டது. அந்த வழியில் போகிறவரும் துணை ஆசிரியராகத்தான் போகலாம், அதற்கும் ஆசிரியர் தகுதிச் சான்றைக் காட்ட வேண்டும். ஒருவரிடம் கடவுச்சீட்டைக் கேட்கிறார்கள், மற்றவரிடம் தகுதியைக் கேட்கிறார்கள்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், அதாவது வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ என்று குறிக்கப்படுபவர், பிறப்பினாலேயே சிறந்த ஆங்கில ஆசிரியர் ஆகிவிடுகிறார் என்ற எண்ணத்தைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அந்தத் தாய்மொழியாளர் யார் என்பதை மொழியியல் முடிவு செய்திருந்தால், எந்த நாட்டில் கேட்டாலும் ஒரே விடை வந்திருக்க வேண்டும். கொரியப் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இருக்கிறது, ஜமைக்கா இல்லை. பிரிட்டிஷ் அரசு விசா விண்ணப்பதாரர்களுக்கு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்களிக்கும் நாடுகளின் பட்டியலைப் பார்த்தால், அங்கே ஜமைக்காவும் கயானாவும் மால்டாவும் இருக்கின்றன, தென்னாப்பிரிக்கா இல்லை. தென்னாப்பிரிக்காவிலோ ஆங்கிலத்தை வீட்டு மொழியாகப் பேசுவோர் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இவை குடியேற்றத் துறைகள் தத்தம் வசதிக்கேற்ப வரைந்த எல்லைக் கோடுகள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த எண்ணத்துக்கு ஏட்டில் பதிந்த ஒரு பிறப்பிடமும் உண்டு. 1961-இல், உகாண்டா இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தபோது, கம்பாலாவின் மக்கெரெரே கல்லூரியில் காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று கூடியது. விடுதலை பெற்ற நாடுகளிலும் பெறவிருந்த நாடுகளிலும் ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்பதே அங்கே பேசப்பட்ட பொருள். ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும், அதற்கு உகந்த ஆசிரியர் தாய்மொழியாளரே, எவ்வளவு சிறு வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, பிற மொழிகள் வகுப்பில் நுழைந்தால் தரம் குறையும் என்னும் கொள்கைகள் அந்தக் காலத்துச் சிந்தனையாக அங்கிருந்து பரவின. ராபர்ட் பிலிப்சன் என்ற அறிஞர் 1992-இல் இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, ஆய்வின் துணையில்லாத தவறான நம்பிக்கைகள் என்று வாதிட்டார். கொள்கை வகுத்தவர்கள் மறைந்த பிறகும், சென்னையில் மழலையர் பள்ளிச் சேர்க்கைக்கு வரிசையில் நிற்கும் பெற்றோர் அவற்றை வேதவாக்காக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை இங்கே இடைக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன்.

சரி, தாய்மொழியாளரின் உச்சரிப்பு கேட்பதற்குத் தெளிவாக இருக்கிறது, அதனால் மாணவருக்கு நன்றாகப் புரிகிறது என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு, அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் ரூபின் 1992-இல் வெளியிட்ட ஆய்வை நினைவூட்ட விரும்புகிறேன். அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்மணியின் குரலில் பதிவு செய்த விரிவுரையை அவர் மாணவர்களுக்கு ஒலிக்கவிட்டார். ஒரு குழுவினருக்கு விரிவுரையாளர் என்று வெள்ளையினப் பெண் ஒருவரின் படத்தையும், இன்னொரு குழுவினருக்கு ஆசிய முகமுடைய பெண் ஒருவரின் படத்தையும் காட்டினார். குரலும் பாடமும் சற்றும் மாறவில்லை. ஆனாலும் ஆசிய முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டவர்களின் காதில் அயல்நாட்டு உச்சரிப்பு விழுந்தது. அதைவிடக் கவலைக்குரியது, அவர்கள் பாடத்தைப் புரிந்துகொண்ட அளவும் குறைந்துபோனது. ஓர் ஆசிரியரின் ஆங்கிலம் புரியவில்லை என்று மாணவரோ பெற்றோரோ முறையிடும்போது, குறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று நிர்வாகங்கள் ஒருமுறையாவது யோசிக்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான்.

இனி, கற்பித்தல் என்னும் தொழிலுக்கு வருவோம். தமிழ் கற்கும் ஜெர்மானியர் ஒருவர் உங்களிடம் வந்து, ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்துவிட்டான்’ என்பதற்கும் என்ன வேறுபாடு, எப்போது எதைச் சொல்ல வேண்டும் என்று கேட்டால், நம்மில் எத்தனை பேரால் விளக்க முடியும்? பிறந்ததிலிருந்து இரண்டையும் பிழையின்றிப் பேசிவருகிறோம், ஆனால் ‘அப்படித்தான் சொல்வோம்’ என்பதற்கு மேல் நமக்கு வாய் வராது. லண்டனிலிருந்தோ சிட்னியிலிருந்தோ பயிற்சியின்றி வகுப்புக்கு வரும் இளைஞரின் நிலையும் இதுவே. பேசத் தெரிவதும் கற்பிக்கத் தெரிவதும் ஒன்றென்றால் தமிழாசிரியர் பயிற்சி என்ற ஒன்றே தேவைப்பட்டிருக்காது.

நம் மாணவர்கள் ஆங்கிலத்தில் ஓயாமல் இடறுகிற இடம் ‘எ’, ‘தி’ என்னும் ஆர்ட்டிகிள்கள். முதல் முறை குறிப்பிடும்போது ‘எ’, அடுத்த முறை ‘தி’ என்று பாடநூல் விதி சொல்லும், அதை மனப்பாடம் செய்த மாணவர் கட்டுரையில் மறுபடியும் தவறு செய்வார். தமிழறிந்த ஆசிரியர் கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களை எழுதலாம்: ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’. முதல் வாக்கியத்தில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதைச் சொன்னால், எந்தப் புத்தகம் என்பது கேட்பவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. ஆங்கிலம் தனிச்சொல்லை முன்னால் வைத்துச் செய்யும் வேலையை இங்கே நம் இரண்டாம் வேற்றுமை உருபு பின்னால் நின்று செய்கிறது. அந்த வேறுபாட்டை மாணவர் பள்ளிக்கு வரும் முன்பே கைவசம் வைத்திருக்கிறார் என்று காட்டிவிட்டால் பாதி அச்சம் போய்விடும். இந்த உத்தி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பெயர்ச்சொல் எழுவாயாக வரும்போது வேறு வழி தேட வேண்டும். ஆனால் எந்த இடத்தில் வேறு வழி தேட வேண்டும் என்பதையும், இரண்டு மொழிகளுக்குள்ளும் நடந்து பழகிய அதே ஆசிரியர்தான் அறிவார். மக்கெரெரே வழிவந்த சிந்தனை இந்த அறிவைத் தரக்குறைவு என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தியது.

தாய்மொழியாளர் அல்லாதோர் பாடம் நடத்தலாம், ஆனால் புதிய முறைகளை அவர்களால் உருவாக்க முடியாது என்று எண்ணுவோருக்கும் விடை இருக்கிறது. 1979 முதல் 1984 வரை இந்திய ஆங்கிலக் கல்வியாளர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாகப் போதிப்பதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற பணிகளை மாணவர்களுக்குக் கொடுத்து, மனம் பொருளில் ஊன்றியிருக்கும்போது மொழி தானாகப் படிகிறதா என்று பார்த்தார். பணிவழிக் கற்பித்தல் என்று இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் பேசப்படும் முறைக்கு முன்னோடிகளுள் ஒன்று அது. அதே முறையை நமக்கு விளக்க வெளிநாட்டுப் பயிற்றுநர் விமானத்தில் வந்து இறங்குவதும், முன்வரிசையில் அமர்ந்து நாம் குறிப்பெடுப்பதும் இங்கே நடக்கத்தான் செய்கின்றன.

எதிர்ப்புக்குரலும் நம் பக்கத்திலிருந்தே வலுவாக எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்து யாழ்ப்பாண மாணவர்கள் அமெரிக்கப் பாடநூலை எப்படி எதிர்கொண்டார்கள், அதன் ஓரங்களில் தமக்கென எவற்றையெல்லாம் கிறுக்கிவைத்தார்கள் என்பதைக்கூட ஆராய்ச்சிப் பொருளாக்கி 1999-இல் நூலாக வெளியிட்டார். இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன் முன்னின்றதால், டீசால் என்னும் அனைத்துலக ஆங்கில ஆசிரியர் அமைப்புக்குள் 1998-இல் தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களுக்கென ஒரு பிரிவு அமைந்தது. அந்த அமைப்பு 2006-இல் இந்தப் பாகுபாட்டைக் கண்டித்து நிலைப்பாடும் எடுத்தது.

வெளிநாட்டு ஆசிரியர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவர்களுள் ஆழ்ந்த புலமையும் பொறுமையும் உடையோர் பலர். பயிற்சி எதுவும் தராமல் விளம்பரப் படத்துக்கு ஒரு முகமாக அழைத்துவரப்பட்டு, வகுப்பில் விளையாட்டுக் காட்டும் நிலைக்குத் தள்ளப்படுபவர்களும் அவர்களே.

நம் ஊர்ப் பள்ளிகளில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆங்கில ஆசிரியர் பணிக்கான நேர்காணலில், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று இரண்டு நிமிடம் பேசவிட்டு, உச்சரிப்பைக் கேட்டே முடிவெடுக்கும் தாளாளர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாக எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் பிழைகளோடு எழுதிய கட்டுரைத் தாளை விண்ணப்பதாரரிடம் கொடுத்து, இந்தப் பிழைகள் ஏன் வந்தன, நாளைக் காலை வகுப்பில் இவற்றுள் எதை முதலில் எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கலாம். வரும் கல்வியாண்டுக்கான ஆள்தேர்விலேயே இதைத் தொடங்கிவிட முடியும், அதற்குச் செலவும் இல்லை.

நன்றி, வணக்கம்.