கச்சான் வாங்கியது போதும்: வன்னியில் எந்தப் பக்கம் திரும்புவது?

[காட்சி: முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வாசல். வரிசையாக நிற்கும் வான்கள், பஸ்கள். இரண்டு பக்கமும் கச்சான் கடைகள்.]

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்கள் வன்னிக்குக் கொடுக்கும் நேரம் பெரும்பாலும் இவ்வளவுதான். முறிகண்டியில் வாகனம் நிற்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடையும். சுடச்சுட வறுத்த கச்சான் இரண்டு பை வாங்குவார்கள். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கச்சான் கோது மடியில் சேர்ந்துகொண்டிருக்கும்போதே கிளிநொச்சி பின்னால் போய்விடும்.

நான் வவுனியாவில் இருப்பவன். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள் "வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். பல வருடங்களாக அதற்குப் பதில் சொல்லி வந்திருக்கிறேன். பல வருடங்களாகத் தவறாகவும் சொல்லி வந்திருக்கிறேன். இந்த வீடியோவை அந்தத் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

[வரைபடம்: வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்கள் நிறம் பெறுகின்றன.]

முதலில் அளவைப் பாருங்கள். இந்த நான்கு மாவட்டங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 7,800 சதுர கிலோமீற்றர் வரும். யாழ்ப்பாண மாவட்டம் அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் வரைபடத்தில் ஊர்ப்பெயர்கள் குறைவாக இருப்பதால், வருகிறவர்களுக்கு இது ஒரு நாளில் சுற்றிவிடக்கூடிய இடம்போலத் தெரிகிறது.

சில வருடங்களுக்கு முன் கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்திருந்தது. அவர்களிடம் இருந்தது ஒரே ஒரு நாள். காலையில் திருக்கேதீஸ்வரம், மதியம் மடு, பின்னேரம் வற்றாப்பளை என்று ஒரு திட்டம் போட்டேன். மேற்குக் கடலோரத்தில் தொடங்கிக் கிழக்குக் கடலோரத்தில் முடிக்கும் திட்டம். அப்போது அது எனக்குச் சாமர்த்தியமாகவே பட்டது. வற்றாப்பளை வாசலில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. வானுக்குள் தூக்கத்திலிருந்து எழுந்த சித்தப்பா, "இது காலையில் பார்த்த கோயில்தானே, தம்பி?" என்று கேட்டார். சித்தி இறங்கவே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு விதிதான். ஒரு பயணத்துக்கு ஒரு பக்கம். எந்தப் பக்கம் என்பதை மாதம் சொல்லும்.

[காட்சி: நிரம்பி வழியும் குளம். அடுத்து அதே குளம் வெடித்த தரையாக.]

வன்னியில் மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டும். குளங்கள் நிரம்பும், தாழ்ந்த வீதிகளுக்கு மேலால் வெள்ளம் பாயும். இந்த மாதங்களில் உள்வீதிகளை நம்பித் திட்டம் போடாதீர்கள். தை முதல் பங்குனி வரை வன்னி தன் நல்ல முகத்தைக் காட்டும். குளத்தில் தண்ணீர் இருக்கும், வயலில் காலபோக நெல் விளைந்து நிற்கும், வெயிலும் பொறுக்கக்கூடியதாக இருக்கும். பிறகு சோளகம் எழும்பும். மன்னாரில் அந்தக் காற்றுக்கு மணலும் சேர்ந்து பறக்கும். வெயிலில் ஊறிய அந்த மாதங்களில் வருகிறவர்களுக்கு ஒரே ஆறுதல் பாலைப்பழம். தின்று முடித்தபின் உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நல்ல பழம் என்று அர்த்தம்.

[வரைபடம்: வவுனியாவிலிருந்து மேற்கே ஒரு கோடு நீள்கிறது.]

தை, மாசியில் வருகிறீர்களா? மேற்கே திரும்புங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லப்போகிறேன், ஏனென்றால் மன்னாரைப் பற்றித்தான் அதிகமானவர்கள் தவறாக நினைக்கிறார்கள். "ஒரு கோயில், ஒரு தேவாலயம், கொஞ்சம் கழுதைகள்" என்று முடித்துவிடுகிறார்கள்.

மாந்தையில் தொடங்குங்கள். பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த நிலம் அது. அங்கேதான் சம்பந்தரும் சுந்தரரும் பதிகம் பாடிய திருக்கேதீஸ்வரம் இருக்கிறது. சுந்தரர் பாடிய பாலாவி இன்றும் கோயிலுக்கு முன்னால் கிடக்கிறது. மகா சிவராத்திரி அன்று சனம் வரிசையாக நின்று அதில் தண்ணீர் அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தார்கள். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்று ஊரில் சொல்வார்கள். அந்தக் கோட்டையை அவர்கள் 1560இல் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள்.

இப்போது மடுவுக்கு வாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்தியபோது, 1670 அளவில், மாந்தைக் கத்தோலிக்கர்கள் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினார்கள். மடுமாதா வந்த வழி அதுதான். ஒரே மாந்தையில் ஒரு ஆட்சி சிவன் கோயிலை இடித்திருக்கிறது, அடுத்த ஆட்சி மாதாவைக் காட்டுக்கு அனுப்பியிருக்கிறது. இந்த இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் பார்க்கச் சொல்வது தூரம் குறைவு என்பதற்காக மட்டுமல்ல. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போனால்தான் இரண்டாவதன் கதை புரியும்.

மன்னார்த் தீவுக்குள் நுழைந்து எருக்கலம்பிட்டிப் பக்கம் போனால் அதே கதையின் இன்னோர் அத்தியாயம் காத்திருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இந்த ஊர்களும் வெறுமையாகின. திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்தால் அந்தக் கதை தானாக வரும். நீங்களாகத் தோண்ட வேண்டாம்.

[காட்சி: வங்காலைப் பக்கம் ஆழமற்ற நீரில் செந்நிறக் கூட்டமாகப் பூநாரைகள்.]

பறவை பார்க்கிறவர்களுக்கு வங்காலைச் சரணாலயம். 2010இல் அது ராம்சார் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பூநாரைகள் பனிக்கால மாதங்களில்தான் வரும். ஆடியில் வந்து "ஒன்றையும் காணவில்லையே" என்று என்னிடம் முறையிட்டவர்கள் உண்டு. பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் (பாவோபாப்) நிற்கிறது. சுற்றளவு 19 மீற்றருக்கு மேல். அரபு வணிகர்கள் கொண்டுவந்த இனம் என்பார்கள். கழுதைகளுக்கும் அதே கதைதான். எட்டுப்பேர் கைகோத்தாலும் அந்த மரத்தைச் சுற்றிப் பிடிக்க முடியாது.

நேரம் இருந்தால் தலைமன்னார்த் துறை வரைக்கும் போங்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை சென்னையில் ஏறியவர் ரயில், கப்பல், மறுபடி ரயில் என்று மாறி இந்த வழியாகவே கொழும்புக்கு வந்து சேர்ந்தார். போரில் அழிந்த தலைமன்னார் ரயில்பாதை 2015இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு எச்சரிக்கை: அந்தப் பாதை மதவாச்சியிலேயே பிரிந்துவிடுகிறது. யாழ்ப்பாண ரயிலில் ஏறி வவுனியாவில் இறங்கிவிட்டு மன்னாருக்கு ரயில் தேடாதீர்கள். மன்னார் பஸ்தான் உண்டு.

[வரைபடம்: மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே கோடு.]

வைகாசியில் வருகிறவர்கள் மாங்குளத்தில் கிழக்கே திரும்ப வேண்டும். ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வழியில் கற்சிலைமடு. 1803 ஒக்டோபர் 31இல் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாக ஆங்கிலேயப் படை அதிகாரி வொன் டிறிபேர்க்கின் பெயரைச் சொல்லி நட்ட கல் அங்கே இருந்தது. வென்றவன் தன் பெருமைக்கு நட்ட கல், தோற்றவனின் நினைவிடமாகிவிட்டது. வொன் டிறிபேர்க்கைத் தேடி அங்கே யாரும் போவதில்லை.

வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசியில் வருகிறது. மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி இலங்கையில் பத்தாவதாகத் தங்கிய இடம் இது, பத்தாம் பளைதான் வற்றாப்பளை ஆனது என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் பொங்கல் இரவுக்கு மட்டும் வந்தால் பாதியைத் தவறவிட்டுவிடுவீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கு ஏற்றுவார்கள். கூட்டம் பிடிக்காதவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் பொங்கல் இரவைவிட முள்ளியவளையின் அந்த நாட்களைத்தான் சொல்வேன்.

அதே மாதத்தில்தான் மே 18 வருகிறது, 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். முள்ளிவாய்க்காலை "பார்க்கவேண்டிய இடங்கள்" பட்டியலில் சேர்த்துக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சேர்ப்பதில்லை. போக நினைத்தால் போங்கள். கஞ்சி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். அழுகிறவர்களின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டாதீர்கள்.

[காட்சி: இரணைமடுக் குளக்கட்டு, காலை.]

இரண்டு பக்கமும் திரும்ப முடியாமல் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியிலேயே போக வேண்டியவர்களுக்கு இரணைமடு. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். மார்கழி, தையில் வான்கதவு திறந்திருந்தால் அந்த இரைச்சலுக்காகவே நிற்கலாம். குளத்துக்குக் கீழே இருக்கும் குடியேற்றங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து காணி பெற்று வந்தவர்களும், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்தவர்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். ஒரே சந்தியில் இரண்டு விதமான தமிழ் காதில் விழும்.

ஆவணி மடுத் திருவிழாவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஓகஸ்ட் 15. தமிழரும் சிங்களவரும் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்து கூடாரம் அடித்துத் தங்கும் நாள். அமைதி தேடுகிறவர் அன்று போகக்கூடாது, சனத்தைப் பார்க்க விரும்புகிறவர் அன்றுதான் போக வேண்டும்.

[காட்சி: காட்டு வீதியோரம் சிவப்பு மண்டையோட்டுப் பலகை.]

சில நடைமுறை விஷயங்கள். இந்தப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்காதீர்கள், நல்ல படம் கிடைக்கும் என்றாலும் சரி. கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் எல்லா இடத்திலும் முடியவில்லை. வீதியோரம் யாராவது மரை வத்தல் என்று மெதுவாகக் காட்டினால் வாங்காதீர்கள். வேட்டை இறைச்சி சட்டவிரோதம், பிடிபட்டால் கறி உங்கள் பையில்தான் இருக்கும். தேன் வாங்கலாம், எருமைத் தயிர் வாங்கலாம், மன்னாரில் கருவாடு வாங்கலாம். கருவாட்டை வானின் கூரையில் கட்டுங்கள். உள்ளே வைத்த ஒருவரோடு நான் மன்னாரிலிருந்து வவுனியாவரை வந்திருக்கிறேன்.

பஸ்ஸில் போகிறவர்கள், ஊர்ச் சந்தியில் இறங்கியவுடன் முதலில் கேட்க வேண்டியது திரும்புவதற்கான கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைத்தான். நேர அட்டவணையை நம்பாமல் தேநீர்க் கடைக்காரரிடம் கேளுங்கள். பொழுதுபட்டால் காட்டு வீதியில் யானை இறங்கும், அதன் பிறகு ஓட்டோக்காரர்களும் வர மாட்டார்கள்.

சித்தப்பா அடுத்த தையில் மறுபடி வருகிறார். இந்த முறை மூன்று நாள், மேற்கு மட்டும். சித்தி வருவதாக இன்னும் சொல்லவில்லை.