தாத்தாவுக்கும் வெட்டு விழும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

வீட்டுப் பெரியவர்களோடு சீட்டாடுவது பிள்ளைகளுக்குப் படிப்பா, பாழா என்பது தலைப்பு. படிப்பே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றம் சொன்னார். சீட்டில் இருப்பது வெறும் அதிர்ஷ்டம். அது சூதுக்கு வழிகாட்டும். ஆடியே தீர வேண்டுமென்றால் கைபேசி இருக்கிறதே, பெரியவர் எதற்கு என்றார்.

அதிர்ஷ்டத்தை முதலில் பார்ப்போம். கழுதை ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். நாலு பேருக்குத் தலா 13 சீட்டு. இறக்கிய இனத்தையே, இஸ்பேடு என்றால் இஸ்பேடையே, எல்லோரும் போட்டால் அந்த நாலும் ஆட்டத்தைவிட்டுப் போகும். பெரிய சீட்டு போட்டவர் அடுத்து இறக்குவார். அந்த இனம் இல்லாதவர் வேறு சீட்டால் வெட்டுவார். வெட்டு விழுந்தால், அதுவரை பெரிய சீட்டு போட்டவர் கிடப்பதை எல்லாம் அள்ள வேண்டும்.

இஸ்பேடு இரண்டு சுற்று போய்விட்டது. மூன்றாம் முறை தாத்தா இஸ்பேடு ஒன்பதை இறக்குகிறார். ஏழு வயதுப் பேத்தியின் கையில் இஸ்பேடு ராஜாவும் நாலும் இருக்கின்றன. நேற்றுவரை 'பெரிய சீட்டு தொலையட்டும்' என்று ராஜாவைப் போட்டு, வெட்டு வாங்கி, அள்ளியவள். இன்று கை ராஜாவின் மேல் போய் நிற்கிறது. உதடு அசைகிறது. இரண்டு சுற்றில் 8 போயிற்று. 13இல் மிச்சம் 5. என்னிடம் 2, தாத்தா போட்டது 1. இன்னும் இரண்டே சீட்டு வெளியே இருக்கிறது. அது பாட்டியிடமும் அண்ணனிடமும் ஆளுக்கு ஒன்றாக இருந்தால்தான் வெட்டு விழாது. ராஜாவை உள்ளே தள்ளிவிட்டு நாலைப் போடுகிறாள். அடுத்து உட்கார்ந்திருக்கும் பாட்டி வெட்டுகிறார். ஒன்பது போட்ட தாத்தா அள்ளுகிறார்.

நடுவர் அவர்களே, இதை அதிர்ஷ்டம் என்றா சொல்வது? யாரும் இன்னும் அள்ளாத ஆட்டத்தில் ஒரு இனம் மூன்று சுற்றும் வெட்டில்லாமல் போக வேண்டுமானால், அதன் 13 சீட்டும் 4, 3, 3, 3 என்று பிரிந்திருக்க வேண்டும். நன்றாகக் கலைத்த கட்டில் அப்படிப் பிரிவது 100க்கு 10 அல்லது 11 முறைதான். அந்தக் கணக்கு குழந்தைக்குத் தெரியாது. ஆனால் 'மூன்றாம் சுற்று ஆபத்து' என்பது நாலு முறை அள்ளிய கைக்குத் தெரிந்துவிடும்.

நன்றாகக் கலைத்த கட்டு என்றேன். அதற்குள்ளும் பாடம் உண்டு. கழுதை முடிந்ததும் கழிந்த சீட்டுகள் நாலு நாலாக ஒரே இனத்தில் அடுக்கிக் கிடக்கும். அரைகுறையாகக் கலைத்து ஒவ்வொன்றாகப் போட்டால் அந்த நாலும் ஆளுக்கு ஒன்றாகப் போய்ச் சேரும். வெட்டே விழாமல் ஆட்டம் சப்பென்று போகும். கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைச் சரசரவென்று விட்டுக் கோத்துக் கலைப்பதானால் ஏழு முறை கலைக்க வேண்டும் என்று 1992இல் பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் காட்டினார்கள். சின்னக் கைக்கு அது வராது. தரையில் கவிழ்த்துப் பரப்பி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரு நிமிஷம் நன்றாக அளைந்தால் போதும்.

ரம்மிக்கு வாருங்கள். இரண்டு கட்டு சேர்த்து ஆடும் 13 சீட்டு ரம்மியில், ஆட்டின் (ஹார்ட்) இனத்தில் ஐந்தும் ஆறும் கையில் இருந்தால், வரிசை சேர நாலோ ஏழோ வரலாம். கட்டுக்குள் அப்படி 4 சீட்டு உண்டு. ஐந்தும் ஏழும் வைத்திருந்தால் ஆறு ஒன்றுதான், 2 சீட்டு. ஜோக்கரை விட்டுவிட்டால், எதைப் பிடித்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. தோற்றவர் கையை எண்ணும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள். தலா பத்துப் புள்ளிக்கு ராஜா, ராணி, பிறகு ஏழு, மூன்று, எட்டு. ஏழையும் மூன்றையும் சேர்த்துப் பத்தாக்கி, 38 என்று சொல்லப் பத்து நாள் போதும்.

சூது என்றார். பணம் ஒரு காசு வைத்தாலும் அந்த இடத்தில் பிள்ளை உட்காரக் கூடாது. இதில் எதிரணியோடு எனக்குச் சண்டையே இல்லை. தாளில் புள்ளி எழுதுங்கள், அது போதும்.

பெரியவர்கள் செய்யும் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை சீட்டைத் தொடும் முன்பே 'அதைப் போடாதே' என்பது ஒன்று. அப்புறம் ஆடுவது பெரியவர்தான், பிள்ளை சீட்டுத் தாங்கி. வேண்டுமென்றே தோற்பது இன்னொன்று. ஆறு வயதுக்கு மேல் பல பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்; பிறகு உண்மையாக ஜெயித்ததையும் நம்ப மாட்டார்கள். சலுகை கொடுக்க வேண்டுமா, வெளிப்படையாகக் கொடுங்கள். முதல் மூன்று ஆட்டம் எல்லோரும் சீட்டை விரித்துவைத்து ஆடலாம். 13 சீட்டு கையில் நிற்காவிட்டால் 7 சீட்டு ரம்மி ஆடலாம். அழுகை வந்தால் அந்த ஆட்டத்தை முடித்துவிட்டு நிறுத்துங்கள். பாதியில் கலைத்தால் தோற்கும்போதெல்லாம் கலைக்கச் சொல்லும்.

கடைசியாகக் கைபேசி. அது தானே கலைக்கிறது, தானே எண்ணுகிறது. இஸ்பேடு கையில் இருக்கும்போது வேறு சீட்டைத் தொட்டால் நகரவே விடாது. அங்கே அழுகுணி ஆட்டம் ஆட வழியே இல்லை நடுவர் அவர்களே! வழியே இல்லாத இடத்தில் நேர்மையை எப்படிப் பழகுவது? தரையில் உட்கார்ந்து ஆடும்போது இஸ்பேடை ஒளித்துவைத்து வெட்டலாம், யாருக்கும் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் அதை எடுத்துப் போடுகிறதே ஒரு பிள்ளை, அது எங்கே கற்றது? எப்போது தூங்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நாள் முழுக்கச் சட்டம் சொல்லும் தாத்தா, இங்கே அதே சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, முணுமுணுக்காமல் சீட்டை அள்ளி அடுக்கி, "நீ எண்ணிட்டேல்ல? சரி, இறக்கு" என்கிறாரே, அந்த முகத்தைப் பார்த்துக் கற்றது.

நன்றி, வணக்கம்.