நாட்டில் எனக்கும் பங்கு உண்டு

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

சாதாரணக் குடிமக்கள் தாய்நாட்டுக்காகப் போராடத் துணிவது மண்பாசத்தாலா, அந்த நாட்டில் தங்களுக்கும் பங்கு உண்டு என்ற உணர்வாலா? இதுதான் தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, பிறந்த மண்ணுக்கு ஒன்று என்றால் ரத்தம் தானாகவே கொதிக்கும் என்றார். பாசமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. பாசம் மட்டும் போதாது என்கிறேன். அதற்கு ஒரே ஒரு நாட்டைச் சாட்சிக்கு அழைக்கிறேன். பின்லாந்து.

1939 நவம்பர் 30. சோவியத் படை எல்லையைத் தாண்டுகிறது, ஹெல்சிங்கியில் குண்டு விழுகிறது. பின்லாந்தின் மக்கள்தொகை அன்று சுமார் 37 லட்சம். எதிரே நின்ற நாட்டில் 17 கோடிக்கு மேல். போர்முனைக்குப் போன எல்லோருக்கும் கொடுக்கச் சீருடைகூட இல்லை. நிறைய பேருக்கு அரசு கொடுத்தது ஒரு துப்பாக்கி, ஓர் இடுப்புவார், தொப்பியில் குத்திக்கொள்ள ஒரு சின்னம், அவ்வளவுதான். கோட்டும் பூட்ஸும் அவரவர் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்தவை. அந்த உடுப்புக்குப் பிரதமர் கயாண்டரின் பெயரையே மக்கள் வைத்துவிட்டார்கள். அந்தக் கோட்டோடு, வெப்பநிலை மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே போன குளிரில், மரம் வெட்டுகிறவரும் ஆலைத் தொழிலாளியும் சிறு விவசாயியும் 105 நாள் நின்றார்கள்.

எதிரணி கேட்கும்: இது மண்பாசம் இல்லாமல் வேறென்ன?

சரி, இருபத்தோரு வருடம் பின்னால் போவோம். 1918, உள்நாட்டுப் போர். அதே மண், அதே பனி, அதே மக்கள். சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரிந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். நிலமில்லாத குத்தகைக்காரரும் ஆலைத் தொழிலாளியும் பெரும்பாலும் சிவப்புப் பக்கம். நிலமும் வசதியும் உள்ளவர்கள் மறுபக்கம். 36,000-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் சுமார் 12,000 பேர் சிவப்பு அணி தோற்ற பிறகு சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டவர்கள். அப்பனை முகாமில் பறிகொடுத்த பிள்ளைதான் நடுவர் அவர்களே, 1939-ல் துப்பாக்கி தூக்கும் வயதில் இருந்தான். அவன் ஏன் அந்த அரசுக்காகப் போனான்?

இடையில் நடந்ததைப் பாருங்கள். குத்தகைக்காரர்கள் தாங்கள் உழுத நிலத்தையே வாங்கிக்கொள்ள 1918-லேயே சட்டம் வழி செய்தது. 1922-ல் அரசியல்வாதி கல்லியோ கொண்டுவந்த சட்டம் நிலமில்லாதவர்களுக்கும் நிலம் தேடிக் கொடுத்தது. சிறையில் இருந்த சிவப்பு அணியினர் படிப்படியாக மன்னிப்புப் பெற்று வெளியே வந்தார்கள். 1926-ல், போர் முடிந்து எட்டே வருடத்தில், தொழிலாளர்களின் கட்சியான சமூக ஜனநாயகக் கட்சியின் தன்னர் பிரதமராகவே ஆனார். காயம் முழுக்க ஆறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தோற்றவனின் கையிலும் ஒரு துண்டு நிலமும் ஒரு ஓட்டும் இருந்தன.

ஸ்டாலின் அந்தப் பழைய காயத்தைத்தான் நம்பினார். படையெடுத்த மறுநாளே, 1918-ன் சிவப்புத் தலைவர் குசினனை வைத்து எல்லை ஊரான தெரியோக்கியில் ஒரு பொம்மை அரசு அமைத்தார். அது தொழிலாளிக்கு எட்டு மணி நேர வேலை தருவதாக வாக்களித்தது. பின்லாந்தில் அந்தச் சட்டம் 1917-லிருந்தே இருந்தது! தொழிலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்வீடனில் இருந்த பின்லாந்து கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளர் துவோமினனே அந்த அரசில் சேர மறுத்துவிட்டார்.

பயத்தால் போராடினார்கள் என்று இன்னொரு நண்பர் சொன்னார். பயந்தவனுக்கு ஓடவும் தெரியும். ரஷ்ய விவசாயிக்கு மண்பாசம் குறைவா என்ன? ஆனாலும் 1917-ல் ரஷ்யப் படையின் சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாகப் போர்முனையை விட்டு ஊருக்குத் திரும்பினார்கள். ஊரில் நிலம் பங்கு போடுகிறார்கள், அதை விட்டுவிட்டு யாருக்காகச் சாவது என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

பின்லாந்து அந்தக் கேள்விக்குப் போர் நடக்கும்போதே பதில் சொன்னது. 1940 ஜனவரி 23 அன்று முதலாளிகள் சங்கம், அதுவரை மதிக்காத தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்கு உரியவர்களாக ஏற்றுக்கொண்டது. 1918-ல் வெள்ளைப் படையை நடத்திய அதே மானர்ஹைம்தான் இந்தப் போரிலும் தளபதி. மே 16 அன்று வருடா வருடம் நடந்த வெள்ளை அணியின் வெற்றி விழாவை 1940-ல் அவரே நிறுத்தி, இருபக்கமும் மாண்டவர்களை நினைக்கும் நாளாக மாற்றச் செய்தார்.

கடைசியாக ஒன்று. போரில் தென்கிழக்கு எல்லைப் பகுதியான கரேலியாவின் பெரும்பகுதி பறிபோனது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு வந்தார்கள். மண்தான் எல்லாம் என்றால் அவர்களுக்கும் நாட்டுக்கும் உள்ள உறவு அங்கேயே அறுந்திருக்க வேண்டும். நாடு 1945-ல் சட்டம் போட்டு, நிலம் வைத்திருந்தவர்களிடமிருந்து எடுத்து, அவர்களுக்கு வயலும் வீட்டுமனையும் கொடுத்தது. மண் போன பிறகும் அவர்களை அந்த நாட்டோடு பிணைத்தது எது என்று எதிரணி பதில் சொல்லட்டும். அதைக் கேட்டுவிட்டு நடுவர் அவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். வணக்கம்.