பட்டாசலுக்குள்ள நாலு பக்கமும் சத்தம், ஸ்பீக்கர் ஒண்ணே ஒண்ணு

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கேளா? இப்ப நான் நிக்கிறது நெல்லை டவுண்ல, எங்க ஆச்சி வீட்டுப் பட்டாசல்ல, அதாவது கூடத்துல. டிவிக்குக் கீழ ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு சவுண்ட்பார் பெட்டி தெரியுதுல்லா, இந்த ரூம்ல இருக்க ஸ்பீக்கர் அது மட்டுந்தான். கேமராவச் சுத்திக் காட்டுதேன்... பாத்தேளா, பின்னால வெறும் சுவர்.

இப்ப கிரிக்கெட் மேட்ச் போடுதேன். கமெண்ட்ரி நேரா டிவியில இருந்து வருது. கூட்டத்தோட இரைச்சல் எங்கன கேக்குது தெரியுமா? இந்தா, என் வலது தோளுக்குப் பின்னால! உங்க போன்ல இது தெரியாது. அதனால எப்படி நடக்குதுன்னு சொல்லிருதேன், கேட்டுக்கிடுங்க.

பெட்டிக்குள்ள சின்னச் சின்ன ஸ்பீக்கரா வரிசையா இருக்கு. எல்லாம் ஒரே சத்தத்தத்தான் போடுது, ஆனா ஒரே நேரத்துல இல்ல. ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல 4 சென்டிமீட்டர்னு வச்சுக்கிடுங்க. சத்தத்த 45 டிகிரி திருப்பணும்னா, ஒவ்வொண்ணும் முந்துனதவிட 0.08 மில்லி செகண்ட் பிந்தி அடிச்சாப் போதும். அந்தத் திசையில மட்டும் அலையெல்லாம் ஒண்ணு சேந்து பலமாகும், மத்த பக்கம் ஒண்ண ஒண்ணு அமுக்கிரும். இதுதான் பீம்ஃபார்மிங், அப்படி ஒரே திசையில போற சத்தந்தான் பீம். சில வகை ரேடார்லயும் இதே கணக்குதான். அந்த பீம் பக்கச் சுவத்துல பட்டு, பின்சுவத்துல பட்டு, நமக்குப் பின்னால இருந்து வருது. சின்ன வயசுல கண்ணாடியில வெயில வாங்கி எதுத்த வீட்டுச் சுவத்துல அடிப்போம்லா, அதே வேலை.

யமஹா 2004லயே 40 சின்ன ஸ்பீக்கர வச்சு ஒய்எஸ்பி-1ன்னு இதக் கொண்டு வந்துட்டாங்க. எனக்கு இன்னைக்கும் அது ஆச்சரியமாத்தான் இருக்கு.

சரி, சுத்திப் போற சத்தம் பிந்தித்தான வரும்? வரும். நம்ம ஊர் வெக்கையில சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். நேரா வர்ற வழி 3 மீட்டர், சுத்தி வர்ற வழி 9 மீட்டர்னா, 17 மில்லி செகண்ட் வித்தியாசம். முன்பக்கச் சத்தத்த அந்த அளவுக்குப் பெட்டியே பிடிச்சு வச்சு அனுப்பிரும். ஒரே சத்தம் ரெண்டு வழியா வந்தா, முதல்ல வர்ற திசையத்தான் காது நம்பும். அதனால பீம் கசியாமப் போகணும். கசிஞ்சா, கூட்டம் டிவிக்குள்ளயே நின்னுரும்.

பாஸ், அதாவது தம்தம்னு அதிர்ற கனத்த சத்தம் மட்டும் திரும்பாது. 100 ஹெர்ட்ஸ் அலையே 3.5 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் பெட்டி அத என்ன செய்ய முடியும்? அதுக்குப் பெட்டிக்குள்ளயே தனியா ஊஃபர்ங்கிற பெரிய ஸ்பீக்கர்.

இப்பத்தான் முக்கியமான விஷயம். பாதி ஸ்பீக்கர் இந்தச் சுவருதான். சுண்ணாம்பு பூசி மொழுமொழுன்னு இருக்கு, ரெண்டு பக்கமும் சம தூரம். பட்டாசல் அமைப்பு இதுக்குன்னே கட்டுன மாதிரி இருக்கு. இப்ப இடது சுவத்துல கனமான ஜமுக்காளத்தத் தொங்க விடுதேன், பாருங்க... போச்சு! இடது பக்கக் கூட்டமே இல்ல. துணி குடிச்சிருச்சு.

பெட்டியோட ஒரு மைக் வரும், ரூம அளக்கிறதுக்கு. ஃபேன நிப்பாட்டிட்டு அளங்க, விடியக்காலம்னா தெருச் சத்தமும் இருக்காது. நம்ம வீடுகள்ல பாயில உக்காந்துதான பாக்கோம், அதனால மைக்க சோபா உசரத்துல வைக்காம, தரையில உக்காந்தா தலை வர்ற உசரத்துல வைங்க. எங்க ஆச்சி இடது சுவத்தோரம் சாஞ்சுதான் உக்காருவா, அவளுக்கு இடது பக்கம் தூக்கலாத்தான் கேக்கும். அதுக்கு வழி கிடையாது, நடுவுல இருக்கவங்களுக்குத்தான் முழுசாக் கிடைக்கும்.

பெருமாள்புரத்துல ஒரு கூட்டாளி ஃப்ளாட்ல இதே பெட்டிய வச்சுப் பாத்தோம். ஹாலோட ஒரு பக்கம் சுவரே இல்லாம சாப்பிடுற இடத்தோட சேந்திருக்கு. அந்தப் பக்கம் போன பீம் திரும்பியே வரல. அப்படிப்பட்ட வீடுன்னா இதுல காசப் போடாதீங்க. ரெண்டு சின்ன ஸ்பீக்கரப் பின்னால மாட்டி வயர் இழுத்துருங்க, செலவும் கம்மி, சத்தமும் உறுதியா வரும்.